பத்மினிக்கு கார்புரேட்டர் மாற்றியாச்சு

ப்ரீமியர் பத்மினி கார் வைத்திருக்கிறவர்களுக்கு முதலில் ஒன்று. ஐட்லிங் (ஆக்ஸிலேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் மெதுவாக ஓடுவது) நிலையாக இல்லை என்றதும், காற்றையும் பெட்ரோலையும் கலந்து கொடுக்கிற கார்புரேட்டருக்கு ரிப்பேர் கிட் வாங்க ஓடாதீர்கள். ஏர் கிளீனரைக் கழற்றி, த்ராட்டில் ஷாஃப்ட்டை (காற்று போகும் வழியைத் திறந்து மூடுகிற தகட்டின் தண்டு) விரலால் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். நன்றாக ஆடினால் எந்தக் கிட்டும் உதவாது. கிட்டில் வருவது பேக்கிங், நீடில் வால்வு, பம்ப் டயாஃப்ரம், இவ்வளவுதான். ஷாஃப்ட் ஓடுகிற துளை பாடியிலேயே தேய்ந்து முட்டை வடிவமாகி இருக்கும்போது, அந்த இடைவெளி வழியாக கணக்கில் வராத காற்று உள்ளே போய்க்கொண்டே இருக்கும், நீங்கள் எந்த ஸ்க்ரூவைத் திருகினாலும் சரி.

நம்ம வண்டி 1984 மாடல், 1089 சிசி, சோலெக்ஸ் கார்புரேட்டர். ரோட்டில் ஓடும்போது ஒன்றும் தெரியாது, அம்பாசமுத்திரம் ரோட்டில் ரயில்வே கேட் போட்டிருந்தால்தான் தெரியும், ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்த உடனே இன்ஜின் ஏறி இறங்கி ஏறி இறங்கி அணைந்துவிடும். முன்பு பார்த்த கடையில் ஒவ்வொரு தடவையும் கிட் மாற்றி அனுப்பினார்கள், ஷாஃப்ட்டை யாரும் தொட்டுப் பார்க்கவில்லை. கடைசியில் வண்ணார்பேட்டையில் ஒரு பழைய மெக்கானிக் அண்ணாச்சிதான் ஆட்டிக் காட்டி, "இது செத்துப்போச்சு தம்பி, வேற போட்டுருவோம், மாருதி கார்புரேட்டர் போடுதியளா?" என்றார். நிறைய பேர் போடுகிறார்கள், தெரியும். ஆனால் அதற்கு அடியில் அடாப்டர் செய்யணும், ஆக்ஸிலேட்டர் கம்பியை மாற்றணும், மாருதியின் 796 சிசிக்கு வைத்த ஜெட்டை (பெட்ரோலை அளந்து விடுகிற சின்னத் துளை) நம்ம இன்ஜினுக்குச் சரிபண்ணணும். சோலெக்ஸே வேண்டும் என்று சொல்லிவிட்டேன். அந்த வண்டிக்கென்று வந்ததைப் போட்டால் நாளைக்கு எந்தப் பழைய ஆள் கையிலும் கொடுக்கலாம்.

கோயம்புத்தூரில் பழைய ஸ்டாக் ஒன்று கிடைத்தது. மாட்டுவதற்கு முன் அடிப் பகுதியை ஒரு கண்ணாடி மேல் வைத்துப் பார்த்தோம், ஆடாமல் உட்கார்ந்தது. வளைந்திருந்தால் அங்கேயும் காற்று இழுக்கும். பழையதைப் பிரித்தபோது பெட்ரோல் தேங்கி நிற்கிற ஃப்ளோட் கிண்ணத்தின் அடியில் வெள்ளைப் பொடி படிந்திருந்தது. இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும், மாதக்கணக்கில் ஓடாமல் நிற்கிற வண்டியில் அந்த ஈரம் உலோகத்தை அரிக்கும், பழைய ரப்பரையும் கெடுக்கும். அதனால் பெட்ரோல் ஹோஸ் எல்லாவற்றையும் எத்தனால் தாங்குகிற ரகமாக மாற்றிவிட்டேன், இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள், சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் சொட்டுவது விளையாட்டு இல்லை.

மாட்டும்போது பேட்டரி வயரைக் கழற்றிவிட்டுத்தான் தொடணும். புதுப் பேக்கிங்குக்கு சிலிக்கான் பேஸ்ட் வேண்டவே வேண்டாம், பெட்ரோலில் ஊறிப் பிசிறாகி ஜெட்டை அடைக்கும். இரண்டு நட்டையும் மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கணும். ஒன்றை மட்டும் முழுசாக இறுக்கினால் புது அடிப்பகுதியும் வளைந்துவிடும்.

ட்யூனிங் கடைசிதான். தீப்பொறி தருகிற பக்கத்தில் பாயிண்ட் கேப், டைமிங், பிளக் மூன்றும் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு தொடங்கினார் அண்ணாச்சி. ஐட்லிங் கலவையைச் சரிசெய்கிற மிக்ஸர் ஸ்க்ரூவை மெதுவாக உள்ளே உட்காரும் வரை விட்டு (அழுத்தினால் ஊசி முனை தழும்பாகிவிடும்), ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்து, அங்கிருந்து காதை வைத்துக் கேட்டுக் கேட்டுத் திருகினார். மீட்டர் எதுவும் இல்லை. அப்படி ஒரு காது கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

அப்புறம் பாபநாசம் போய், காரையாறு ஏற்றம் வரை ஒரு ஓட்டு. செக்போஸ்ட்டில் நிறுத்தியபோது ஐட்லிங் அசையவில்லை. ஆனால் ஊருக்கு வந்து பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் கொஞ்சம் வெளுப்பு. வறுத்த காபிக்கொட்டை நிறத்தில் இருக்கணும். எத்தனாலிலேயே ஆக்ஸிஜன் இருப்பதால் கலவைக்குப் பெட்ரோல் பத்தவில்லை, மெயின் ஜெட் ஒரு சைஸ் பெரிசாகப் போடணும் என்கிறார் அண்ணாச்சி. தேடிக்கொண்டிருக்கிறேன். சோலெக்ஸ் மெயின் ஜெட்டும், பத்மினி பெட்ரோல் பம்ப் டயாஃப்ரமும் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், நெல்லைப் பக்கம் என்றால் நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.