இதயத் துடிப்பு மாத்திரையை நிறுத்தலாமா? என் பத்து மாத அனுபவம்

2024 சித்திரையில், ஊரே வெயிலில் காய்ந்துகொண்டிருந்தபோது, நான் ஃபேனை நிறுத்திவிட்டுப் போர்வை போர்த்தி உட்கார்ந்திருந்தேன். லீவுக்கு வந்திருந்த பேத்தி, "பாட்டி, உனக்கு ஜுரமா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். ஜுரம் இல்லை. எலும்புக்குள் குளிர்ந்தது, அவ்வளவுதான். முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது, ஒரு வருஷத்தில் ஏழு கிலோ கூடியிருந்தேன். மாடிப்படி ஏறினால் பாதியில் நின்று கம்பியைப் பிடித்துக்கொள்வேன். அறுபதைத் தாண்டினால் இப்படித்தான் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

நான் தபால் துறையில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பி.பி. எட்டு வருஷமாக, சர்க்கரை ஐந்து வருஷமாக. 2023 ஜூனில் ஒரு நாள் காலையில் கோலம் போட்டு நிமிர்ந்தபோது நெஞ்சுக்குள் மீன் துள்ளுவதுபோல இருந்தது. நிற்கவே இல்லை. இ.சி.ஜி. எடுத்துவிட்டு 'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்' என்றார்கள். இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நிமிடத்துக்கு 300 தடவைக்கு மேல் வெறுமனே நடுங்குகிற நிலை அது. அதில் ஒரு பங்குதான் கீழறைக்குப் போகிறது, அதுவும் தாறுமாறாக. மயக்க மருந்து கொடுத்து ஷாக் வைத்துத் துடிப்பைச் சரிசெய்தார்கள். வீட்டுக்கு வரும்போது கையில் மூன்று புது மாத்திரைகள்: அமியோடரோன் 200, மெட்டோப்ரோலால் 50, ஆசிட்ரோம் 2.

எந்த மாத்திரை எதற்கு என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இந்தக் கதை முழுவதும் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

ஒன்றரை வருஷம் போனது. துடிப்பு திரும்பக் கெடவில்லை, ஆனால் நான் நானாக இல்லை. 2025 ஜனவரியில், பொங்கல் முடிந்த மறுநாள், யாரிடமும் சொல்லாமல் மூன்றையும் நிறுத்தினேன். 'சரியாகிவிட்டதே, இன்னும் எதற்கு?' என்ற எண்ணம்தான். முதல் இரண்டு நாள் நன்றாகவே இருந்தது. மூன்றாம் நாள் ராத்திரி காதுக்குள் இதயம் இடிப்பது கேட்டது. நாலாம் நாள் தலைவலி. ஐந்தாம் நாள் என் கணவரிடம் உண்மையைச் சொன்னேன். மனுஷர் ஒரு வார்த்தை பேசாமல் ஆட்டோவைக் கூப்பிட்டார். பி.பி. 170/100. இ.சி.ஜி.யில் துடிப்பு ஒழுங்காகத்தான் இருந்தது, வேகம்தான் கூடியிருந்தது. ரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். 1.2. எனக்கு அது 2-க்கும் 3-க்கும் நடுவில் இருக்க வேண்டும்.

நான் வழக்கமாகப் போகிற இடத்தில் திட்டு விழுந்தது. "வாழ்நாள் முழுக்கச் சாப்பிடணும்" என்று சொல்லி, அதே சீட்டைத் திரும்ப எழுதிக் கொடுத்தார்கள். ஏன் நிறுத்தினாய், உடம்புக்கு என்ன செய்கிறது என்று யாரும் கேட்கவில்லை. எனக்கு வருத்தம் திட்டியதில் இல்லை, அந்த ஒரு கேள்வி வராததில்தான்.

மகள் சென்னையிலிருந்து வந்து, தஞ்சாவூரில் வேறு ஒரு இதய மருத்துவரிடம் கூட்டிப்போனாள். இளம்பெண். பழைய காகிதங்களை எல்லாம் புரட்டிவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "அமியோடரோன் ஆரம்பிச்சதிலிருந்து தைராய்டு டெஸ்ட் எப்போ பண்ணினீங்கம்மா?"

பண்ணவே இல்லை.

அன்றே ரத்தம் எடுத்தார்கள். தைராய்டு மந்தமானால் ஏறுகிற டி.எஸ்.ஹெச். 28. நாலு, நாலரைக்குள் இருக்க வேண்டியது. என் தைராய்டு ஏறக்குறையத் தூங்கிப்போயிருந்தது. அமியோடரோன் 200 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் சுமார் 75 மில்லிகிராம் அயோடின் இருக்கிறதாம். ஒரு நாளைக்கு நமக்குத் தேவை 150 மைக்ரோகிராம், அதாவது ஒரு மில்லிகிராமில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு. அதனால் தைராய்டு சிலருக்குக் குறையும், சிலருக்கு ஏறும். நுரையீரல், கல்லீரல், கண் ஆகியவற்றையும் பாதிக்கலாம். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை தைராய்டும் கல்லீரலும், வருஷத்துக்கு ஒரு தடவை நெஞ்சு எக்ஸ்ரேயும் பார்ப்பது வழக்கம் என்றார். சித்திரையில் நான் போர்த்திக்கொண்ட போர்வை ஞாபகம் வந்தது. அழுகை வந்துவிட்டது.

அப்புறம் அவர் செய்ததை நான் மறக்க மாட்டேன். 2023-ல் எடுத்த இ.சி.ஜி.யையும் அன்று எடுத்ததையும் மேஜையில் ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்தார். ரோஸ் கட்டம் போட்ட காகிதம். புதியதில் ஒவ்வொரு கூர்முனைக்கும் முன்னால் ஒரு சின்ன மேடு, நெல்மணி அளவுக்கு. "இதுதான் மேலறை சுருங்குற அடையாளம்" என்றார். பழையதில் அந்த மேடே இல்லை, கோடு நடுங்கிக்கொண்டிருந்தது. கையில் பேனாவைக் கொடுத்துப் பெரிய கட்டங்களை எண்ணச் சொன்னார். ஒரு பெரிய கட்டம் 0.2 விநாடி. புதியதில் துடிப்புக்குத் துடிப்பு ஆறு, ஆறு, ஆறு. பழையதில் இரண்டு, மூன்றரை, இரண்டரை, மூன்று. எந்த ஒழுங்கும் இல்லை. ஒன்றரை வருஷமாக எனக்கு இருந்த நோயை அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

"மாத்திரையை நிறுத்தலாமான்னு மொத்தமாக் கேட்காதீங்கம்மா. மூணுக்கும் வேற வேற வேலை. ஒவ்வொண்ணாக் கேளுங்க."

அமியோடரோன், துடிப்பை ஒழுங்கில் வைப்பதற்கு. மெட்டோப்ரோலால், வேகத்தையும் பி.பி.யையும் குறைப்பதற்கு. ஐந்து நாள் கூத்தில் நெஞ்சு இடித்ததும் தலை வலித்ததும் இதைப் படீரென்று விட்டதால்தான். இதை எப்போதும் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். ஆசிட்ரோமுக்கும் துடிப்புக்கும் சம்பந்தமே இல்லை. மேலறை நடுங்கும்போது ரத்தம் ஓடாமல் தேங்குகிறது. இடது மேலறையில் பைபோல ஒரு சின்ன ஒதுக்கம் இருக்கிறது, பெரும்பாலும் அங்கேதான் கட்டி உறைகிறது. அது மூளைக்குப் போனால் பக்கவாதம். இந்தத் துடிப்புக் கோளாறு உள்ளவர்களுக்குப் பக்கவாத அபாயம் மற்றவர்களைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு.

எனக்கு மூன்றில் எந்த உணர்வும் தராத மாத்திரை ஆசிட்ரோம்தான். மாதா மாதம் ரத்தம் குத்திப் பார்க்க வேண்டும், கீரையை ஒரே அளவாகச் சாப்பிட வேண்டும், காய்கறி நறுக்கும்போது கத்தி பட்டால் ரத்தம் நிற்க நேரமாகும். முதலில் விட்டுவிடலாம் என்று நான் நினைத்திருந்தது அதைத்தான்.

இந்த மாத்திரை ஒருவருக்குத் தேவையா என்று பார்க்க ஒரு மதிப்பெண் கணக்கு இருக்கிறது, சாட்ஸ்-வாஸ்க் என்று பெயர். பி.பி.க்கு ஒன்று, சர்க்கரைக்கு ஒன்று, இதயம் பலவீனமாக இருந்தால் ஒன்று, மாரடைப்பு போன்ற ரத்தக்குழாய் நோய் இருந்தால் ஒன்று, 65 வயதானால் ஒன்று, 75 ஆனால் இரண்டு, முன்பே பக்கவாதம் வந்திருந்தால் இரண்டு. பெண்ணாக இருந்தாலும் ஒன்று கூட்டுவார்கள். 2024-ல் ஐரோப்பிய இதய மருத்துவச் சங்கம் அதை எடுத்துவிட்டது. அப்படி எடுத்தும் எனக்கு இரண்டு. இரண்டும் அதற்கு மேலும் இருந்தால் ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை வேண்டும் என்பதே வழிகாட்டுதல். 65 ஆனால் மூன்றாகிவிடும்.

"துடிப்புதான் சரியாயிடுச்சே டாக்டர்?" என்று கேட்டேன். 2002-ல் அமெரிக்காவில் வெளிவந்த அஃபர்ம் என்ற ஆய்வைப் பற்றிச் சொன்னார். 4060 நோயாளிகள். பாதிப் பேருக்குத் துடிப்பை ஒழுங்காக்க மருந்து, மீதிப் பேருக்கு வேகத்தை மட்டும் குறைக்க மருந்து. ஒழுங்காக்கியவர்கள் கூடுதல் காலம் வாழ்ந்துவிடவில்லை. இரண்டு பிரிவிலும் பக்கவாதம் வந்தவர்களில் பெரும்பாலோர் ஆசிட்ரோம் வகை மாத்திரையான வார்ஃபரினை நிறுத்தியவர்கள், அல்லது ஐ.என்.ஆர். 2-க்குக் கீழே இருந்தவர்கள். பல நேரம் துடிப்பு கெடுவது நோயாளிக்கே தெரியாது என்றும் சொன்னார். என் 1.2 கண் முன்னால் வந்து நின்றது.

என் அம்மா நினைவும் வந்தது. அவளுக்கும் 'படபடப்பு' உண்டு. ஒரு நாள் காலையில் காபி ஆற்றிக்கொண்டிருந்தவள் கையிலிருந்து டம்ளர் நழுவியது. குனிந்து எடுக்கப் பார்த்தாள், வலது கை வரவில்லை. இதைச் சொன்னபோது டாக்டர், "அம்மாவுக்கு வந்தது உங்க மதிப்பெண்ணுல சேராதும்மா. உங்களுக்குன்னு இருக்கிற ரெண்டே போதும்" என்றார். நேர்மையான பதில். பயம் காட்டி என்னைச் சம்மதிக்க வைத்திருக்கலாம், அவர் செய்யவில்லை. ஆசிட்ரோம் தொடரும் என்று அன்றே முடிவு செய்தேன்.

அமியோடரோன்தான் உண்மையான கேள்வி. நிறுத்தியே ஆக வேண்டும் என்றும் இல்லை. தைராய்டு குறைவை ஈடுகட்டும் தைராக்ஸின் மாத்திரை கொடுத்து இதையும் தொடரலாம், அப்படிப் பலர் சாப்பிடுகிறார்கள். நிறுத்தினால் துடிப்பு மறுபடி கெடலாம். யோசித்து வாருங்கள் என்று இரண்டு வாரம் கொடுத்தார்.

வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. அவர், "இருக்கிறது இருக்கட்டும், எதுக்குக் கை வைக்கணும்?" என்றார். மகள் அப்ளேஷன் பற்றி, அதாவது இதயத்துக்குள் மெல்லிய குழாயை விட்டுத் துடிப்பைக் கெடுக்கும் இடத்தைச் செயலிழக்கச் செய்கிற சிகிச்சை பற்றி, படித்துக்கொண்டு வந்தாள். நான் பெட்டியில் கிடந்த பழைய இன்லண்ட் லெட்டர் ஒன்றை எடுத்து, மனதில் இருந்ததை எல்லாம் எழுதினேன். நிறுத்தினால் எத்தனை நாளில் தெரியும்? ராத்திரியில் துடிப்பு கெட்டால் என்ன செய்வது, எப்போது ஓடுவது? இதற்குப் பதில் வேறு மாத்திரை உண்டா? தொடர்ந்தால் பத்து வருஷத்தில் என் நுரையீரல் எப்படி இருக்கும்? எழுத எழுத ஒன்று தெளிவானது. துடிப்பு கெட்டுவிடுமோ என்ற பயத்தைவிட, இந்தச் சோர்வோடு இன்னும் இருபது வருஷம் இருக்க வேண்டுமே என்ற பயம் எனக்குப் பெரிது.

டாக்டர் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். அமியோடரோன் கொழுப்பில் போய்ச் சேர்ந்துகொள்கிறது. பாதி வெளியேறவே சராசரியாக இரண்டு மாதம் ஆகலாம். ஆகவே நிறுத்திய மறுவாரம் நன்றாக இருப்பதை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. ஃப்ளெக்கனைடு என்று ஒரு மாத்திரை உண்டு, ஆனால் ரத்தக்குழாயில் அடைப்பு இல்லை என்று உறுதியாகத் தெரிய வேண்டும். 1989-ல், மாரடைப்பு வந்தவர்களின் கூடுதல் துடிப்புகளை அடக்க அதைக் கொடுத்துப் பார்த்தபோது, மருந்தே இல்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களைவிட அதிகம் பேர் இறந்துவிட்டார்களாம். சர்க்கரை இருக்கிற எனக்கு அது வேண்டாம் என்று இருவருமே நினைத்தோம்.

ராத்திரி விஷயம் இப்படி. துடிப்பு தாறுமாறானாலும் வேகம் 110-க்குள் இருந்து, மயக்கமோ மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ இல்லையென்றால், விடியும்வரை காத்திருக்கலாம். அவற்றில் ஏதாவது இருந்தால் உடனே போக வேண்டும். வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, கை வராவிட்டாலோ ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் 108. கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. சி.டி. ஸ்கேன் உள்ள ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும், ஆசிட்ரோம் சாப்பிடுவதை முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும். இதை அட்டையில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறோம்.

2025 மார்ச் 3-ஆம் தேதி அமியோடரோனை நிறுத்தினேன். மெட்டோப்ரோலால் 50-லிருந்து 25 ஆனது, ஏனென்றால் நாடி 50-தான் இருந்தது. தைராக்ஸின் 25 மைக்ரோகிராமில் ஆரம்பித்தது. அதிகமானால் அதுவே துடிப்பைக் கெடுக்கும் என்பதால் மெதுவாகத்தான் கூட்டினார்கள்.

தினமும் காலையில் காபிக்கு முன் நாடி பார்க்கப் பழகினேன். கட்டை விரலுக்குக் கீழே மணிக்கட்டில் இரண்டு விரல், எதிரில் சுவர்க் கடிகாரம். முழு அறுபது விநாடி எண்ண வேண்டும். பதினைந்து விநாடி எண்ணி நாலால் பெருக்கினால், துடிப்பு ஒழுங்கில்லாதபோது கணக்கு தப்பாகிவிடும். நோட்டில் தேதி, எண், பக்கத்தில் 'சீர்' அல்லது 'சீரில்லை'.

நான் எதிர்பார்க்காத ஒன்று ஆறாவது வாரத்தில் நடந்தது. ஆசிட்ரோம் அதே 2 மில்லிகிராம், ஆனால் ஐ.என்.ஆர். 1.6-க்கு இறங்கிவிட்டது. ஆசிட்ரோம் உடலில் சிதைவதை அமியோடரோன் தடுத்துக்கொண்டிருந்ததாம். அது வெளியேற வெளியேற ஆசிட்ரோமின் வலு குறைகிறது. இது நடக்கும் என்று தெரிந்துதான் டாக்டர் வாரா வாரம் பார்க்கச் சொல்லியிருந்தார். படிப்படியாக 3 மில்லிகிராமுக்குப் போய் ஜூலையில் நிலைப்பட்டது. அமியோடரோனை நிறுத்துகிறவர்களிடம் நான் வற்புறுத்திச் சொல்வது இதைத்தான்: கூடவே ஆசிட்ரோமோ வார்ஃபரினோ இருந்தால் ஐ.என்.ஆர். பார்க்காமல் ஒரு மாதம் விடாதீர்கள்.

ஆடியில் ஒரு நாள் அதிகாலை மூன்று மணிக்கு மீன் மறுபடி துள்ளியது. விளக்கைப் போடாமல் உட்கார்ந்து மணிக்கட்டைப் பிடித்தேன். அவரை எழுப்பி எண்ணச் சொன்னேன். 96. தாறுமாறுதான், ஆனால் மூச்சு சரியாக இருந்தது. அவர் ஃப்ரிட்ஜ் கதவில் டார்ச் அடித்து அட்டையை ஒரு வரி விடாமல் சத்தமாகப் படித்தார். உட்கார்ந்தே இருந்தோம். ஏழு மணிக்கு, பால்காரர் மணி அடித்த நேரத்தில், அது தானாக நின்றது. நாலு மணி நேரம். நோட்டில் எழுதினேன்.

அதற்குப் பிறகு ஒரு தடவை, ஐப்பசியில், இரண்டு மணி நேரம். நவம்பரில் வைத்த, 24 மணி நேரமும் துடிப்பைப் பதிவு செய்கிற ஹோல்டர் கருவியில் கோளாறு ஒன்றும் இல்லை. டி.எஸ்.ஹெச். 4.1. போர்வை பீரோவுக்குள் போய்விட்டது, மாடிக்கு நிற்காமல் ஏறுகிறேன்.

இப்போது டாக்டர் இரண்டு விஷயம் யோசிக்கச் சொல்லியிருக்கிறார். என் வால்வுகள் நன்றாக இருப்பதால் ஆசிட்ரோமுக்குப் பதில் அபிக்ஸபானுக்கு மாறலாம், அதற்கு ஐ.என்.ஆர். பார்க்க வேண்டியதில்லை. இரண்டாவது, துடிப்பு அடிக்கடி கெட ஆரம்பித்தால் அப்ளேஷன். அதைப் பண்ணிக்கொண்டாலும் ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை விட முடியுமா என்பது தனிக் கேள்வி என்றும் சொல்லிவிட்டார். ஜனவரி 20 அடுத்த முறை போக வேண்டும். இன்லண்ட் லெட்டரின் பின்பக்கம் காலியாக இருக்கிறது, நேற்று முதல் இரண்டு கேள்விகளை அதில் எழுதிவிட்டேன்.