அளந்த அரிசியில் ஒரு பிடி

நம் பள்ளியின் பழைய மாணவர் மலர்க் குழுவினர் 'அன்றாட வாழ்வில் விசுவாசம்' என்று தலைப்புக் கொடுத்து எழுதச் சொன்னார்கள். இந்தத் தலைப்பில் நாம் எல்லோரும் வேண்டிய மட்டும் பிரசங்கம் கேட்டாயிற்று. அதனால் அடுக்களையில் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் இருந்த அந்தச் சின்னக் கலயத்திலிருந்து தொடங்கி எழுதலாம் என்று நினைக்கிறேன். சில வீடுகளில் அது பிஸ்கட் டின், சில வீடுகளில் பழைய ஹார்லிக்ஸ் பாட்டில். பெயர் ஒன்றுதான்: பிடியரிசி, கோவிலுக்கென்று சமையலுக்குச் சமையல் எடுத்து வைக்கும் ஒரு பிடி.

நம் பள்ளி விடுதியில் இருந்து படித்தவர்களுக்கு அதன் ருசி மறந்திருக்காது. ஒரே உருண்டையில் சிவப்புச் சோறு விதைவிதையாக நிற்கும், வெள்ளைச் சோறு குழைந்து கிடக்கும், நடுவில் பச்சரிசி கூழாகியிருக்கும். சமையல்காரரைத் திட்டியது நம் அறியாமை. ஐம்பது அடுக்களையின் அரிசி ஒரே பானையில் வெந்தால் வேறெப்படி வரும்?

செய்முறையைச் சொல்கிறேன், ஏனென்றால் அதை மாற்றிச் செய்தால் விஷயமே மாறிவிடும். உலை வைத்ததும் அன்றைக்கு வேண்டிய அரிசியை உழக்கால் அளந்து பாத்திரத்தில் போடுவார்கள். கழுவுவதற்கு முன், அந்த அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துக் கலயத்தில் போடுவார்கள். எடுக்கும்போது உதடு அசையும். பெரும்பாலும் ஒரு வரி ஜெபம், அல்லது நோயாய்க் கிடக்கும் யாராவது ஒருவரின் பெயர். பிறகு அரிசியைக் கழுவி உலையில் இடுவார்கள். ஒரு நேரச் சமையலுக்கு ஒரு பிடி. விருந்தாளி வந்தால் அளவு கூடும், பிடி கூடாது.

கழுவுவதற்கு முன் எடுப்பதன் காரணம் எல்லோருக்கும் தெரியும், ஈர அரிசி ஒரு நாள்கூடத் தாங்காது. ஆனால் மூட்டையிலிருந்து எடுக்காமல் அளந்ததிலிருந்து ஏன் எடுக்க வேண்டும்? மூட்டையிலிருந்து எடுத்தால் அன்றைக்கு யார் தட்டிலும் ஒரு பருக்கை குறையாது. அளந்ததிலிருந்து எடுத்தால் அந்த வேளைச் சோறு ஒரு பிடி குறைகிறது. ஐந்து பேர் சாப்பிடும் வீட்டில் அது ஆளுக்கு ஒரு வாய் கூட இராது, யாருக்கும் பசிக்காது. ஆனாலும் ஐந்து பேரும் கொடுத்திருக்கிறார்கள். கைக்குழந்தையும் கொடுத்திருக்கிறது. வேதாகமத்தில் சாறிபாத் ஊர் விதவையின் கதையில் எலியா தீர்க்கதரிசி கேட்டதும் இதுதான்: அவள் பானையில் ஒரு பிடி மாவுதான் இருந்தது, அதிலிருந்தே முதலில் தனக்கொரு அடை சுடச் சொன்னார். களஞ்சியம் நிரம்பியவர்களிடம் அவர் போகவில்லை.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இந்த வழக்கம் வேர் பிடித்ததற்குக் காரணம் உண்டு. ரிங்கல்தௌபே என்ற மிஷனரி மயிலாடிக்கு வந்தது 1806இல். அப்போது சபையில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் பனையேறிகள், வயற்கூலிகள், திருவிதாங்கூர் அரசுக்குத் தலைவரி கட்டியவர்கள். கையில் சக்கரம் என்ற திருவிதாங்கூர்க் காசு புழங்கியது குறைவு. கூலி நெல்லாகவே வந்தது. அப்படிப்பட்டவர்களுக்குக் காணிக்கைத் தட்டு என்பது சங்கடம், கலயம் சுலபம். பணம் வைத்திருக்கும் ஆண்களிடம் கேட்காமல், அகப்பை பிடித்த பெண்களே தீர்மானிக்கக்கூடிய காணிக்கையும் இது ஒன்றுதான். எத்தனையோ கற்கோவில்களின் கணக்கை எடுத்துப் பார்த்தால் அடியில் அரிசி இருக்கும் என்பது என் எண்ணம்.

கணக்கு என்றதும் ஒன்று. ஒரு பெண்ணின் மூடிய கைப்பிடியில் ஏறக்குறைய 40 கிராம் அரிசி நிற்கும். இரண்டு நேரச் சமையலுக்கு 80 கிராம். மாதம் 2 கிலோ 400 கிராம். நூறு வீட்டுச் சபையில் 240 கிலோ. ஒருவருக்கும் கனக்காத பிடி, மாதக் கடைசியில் மூன்று ஆள் தூக்கும் சுமையாகி நிற்கும்.

இனி கெட்டுப்போகும் விதங்கள். முதலாவது வண்டு. அரிசி வண்டு அரிசிமணிக்குள் துளையிட்டு முட்டை வைக்கும், வெளியில் பார்த்தால் தெரியாது. மூன்று நான்கு வாரத்தில் பொரிந்து வளர்ந்து துளைத்துக்கொண்டு வெளியே வரும். பச்சரிசியில் சீக்கிரம், புழுங்கலில் மெதுவாக. கலயத்தை வாராவாரம் காலி செய்தால் இந்தத் தொல்லை இல்லை. மாதத்துக்கு ஒரு முறை என்று சபை முடிவெடுத்ததும் வண்டு வந்துவிடும். வேப்பிலை போடுவார்கள், சரிதான். ஆனால் நிழலில் நன்றாக உலர்ந்த இலையாக இருக்க வேண்டும். பறித்த கையோடு பச்சை இலையைப் போட்டால் அதன் ஈரத்தில் அரிசி பூஞ்சை பிடித்து முடைநாற்றம் அடிக்கும். வற்றல் மிளகாய் நான்கைந்து போடுவதும் உண்டு. வெயிலில் காயவைப்பதென்றால் காலை இளவெயில் போதும், உச்சி வெயிலில் கொட்டினால் அரிசி வெடித்து நொய்யாகும்.

இரண்டாவது, கலப்பு. நம் பக்கத்துச் சிவப்புப் புழுங்கல் திறந்த பானையில் வேக முக்கால் மணி நேரத்துக்குக் குறையாது. வெள்ளைப் புழுங்கலுக்கு அதில் பாதி. பச்சரிசிக்குக் கால் மணி. மூன்றும் சேர்ந்தால் எதையும் பக்குவமாக வடிக்க முடியாது. விவரம் தெரிந்த பெண்கள் ஐக்கியச் செயலாளர்கள் ஞாயிற்றுக்கிழமை கோவில் திண்ணையில் மூன்று சாக்கை வாய் விரித்து வைத்து, 'சம்பா இதிலே, வெள்ளை இதிலே, பச்சை அதிலே' என்று சொல்லிக்கொண்டே நிற்பார்கள். அப்படி வாங்கிய அரிசி கோவில் ஏலத்தில் நல்ல விலைக்குப் போகும். கலந்ததைக் கஞ்சிக்கு வாங்குவார்கள். உண்மையில் கஞ்சிக்குக் கலப்பரிசி ஒன்றாந்தரம்: பச்சரிசி கரைந்து கஞ்சியைக் கெட்டியாக்கும், சிவப்பரிசி பல்லில் கடிபடும். பயறும் தேங்காய்த் துருவலும் போட்டால் வேறு கறி வேண்டாம். விடுதிக்காரர் அதைச் சோறாக வடிக்க நினைத்ததுதான் பிழை.

மூன்றாவது கேடு அரிசியில் இல்லை. தாங்கள் பொன்னி சாப்பிட்டுக்கொண்டு, கலயத்துக்கென்று ரேஷன் அரிசி தனியாக வைத்திருக்கும் வீடுகள். அளவு சரியாக இருக்கும், சாக்கு நிறையும், சபைக் கணக்கிலும் குறை தெரியாது. மல்கியா தீர்க்கதரிசி ஊனமான ஆட்டைப் பலிபீடத்துக்குக் கொண்டுவந்தவர்களிடம், அதை உன் அதிபதிக்குக் கொடுத்துப் பார் என்று கேட்டது இதைத்தான். ரேஷன் அரிசி சாப்பிடுகிறவர் ரேஷன் அரிசி போட்டால் அதில் ஒரு குறையும் இல்லை. தான் உண்பதில் ஒரு பிடி, அவ்வளவுதான் சட்டம்.

இதே கணக்கு மற்றச் சபைகளிலும் உண்டு. இரட்சணிய சேனையில் (சால்வேஷன் ஆர்மி) ஆண்டுக்கொரு முறை தன்னை ஒறுத்துக் கொடுக்கும் காணிக்கை 1886இல் இங்கிலாந்தில் தொடங்கியது. அதிகாரி ஒருவர் ஒரு வருடம் புட்டிங் சாப்பிடாமல் அந்தக் காசைக் கொடுத்ததிலிருந்து வந்த வழக்கம் என்பார்கள். கோட்டாறு, குழித்துறை கத்தோலிக்க மறைமாவட்டங்களில் ஈஸ்டருக்கு முந்திய தவக்கால வெள்ளிக்கிழமைகளின் கஞ்சியும் அப்படித்தான், உண்ணாமல் மிச்சமானதுதான் உண்டியலுக்குப் போக வேண்டும். மீன் வாங்காமல் அதே விலைக்குப் பனீர் வாங்கினால் ஒறுத்தல் எங்கே இருக்கிறது? நெய்யூர் ஆஸ்பத்திரி சாமர்வெல் டாக்டரையும் இங்கே நினைக்கலாம். 1922 எவரெஸ்ட் பயணம் முடிந்து இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்தவர், நெய்யூரில் காத்துக்கிடந்த நோயாளிகளைப் பார்த்து லண்டன் வேலையை விட்டார். மீதமான காலத்தை அவர் கொடுக்கவில்லை, அளந்து வைத்த காலத்திலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

விளைந்ததைக் கோவிலுக்குக் கொண்டுவந்து ஏலம் விடும் அறுப்பின் பண்டிகை எல்லோருக்கும் நினைவிருக்கும், அதிகம் சொல்ல வேண்டாம். வாழைக்குலை, மரச்சீனிக் கிழங்கு, சக்கை (பலா), தேங்காய், கால் கட்டிய கோழி, ஒற்றை முட்டை. 'ஒரு தரம், ரெண்டு தரம்' என்று முட்டை போகும், எடுத்தவர் திரும்பவும் கோவிலுக்கே கொடுப்பார், மறுபடியும் ஏலம். ஒரு முட்டை நான்கு முறை விலைபோகும். குலை கொண்டுவருகிறவர்கள் ஒரு சீப்பில் ஒன்றிரண்டு காய் நிறம் மாறும்போதே கொண்டுவருவது நல்லது. முழுக்கப் பழுத்த குலை நாலு கை மாறுவதற்குள் உதிர்ந்துவிடும். பெரிய தொல்லை கடன். ஒலிபெருக்கி முன்னால் கௌரவத்துக்காகக் கேட்ட விலை மறு வருடம் வரை பொருளாளர் நோட்டிலேயே கிடக்கும். சில சபைகளில் அடுத்த ஞாயிறு ஆராதனைக்கு முன் கட்ட வேண்டும் என்று விதி போட்டார்கள். விலைகள் உடனே தரையில் இறங்கின. என்னைக் கேட்டால் இறங்கிய விலைதான் மெய்யான காணிக்கை.

குடும்ப ஜெபத்துக்கு வருவோம். அதுவும் ஒரு பிடிதான், அரிசிக்குப் பதில் நேரம். விளக்கு வைத்த பிறகு, சாப்பாட்டுக்கு முன். ஒரு பாட்டு, ஒரு அதிகாரம், ஜெபம், கர்த்தருடைய ஜெபம், முடிவில் பெரியவர்களுக்குத் தோத்திரம் சொல்வது. கால் மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. வேதாகமத்தில் 1,189 அதிகாரங்கள். தினம் ஒன்று என்றால் முடிக்க மூன்று வருடமும் மூன்று மாதமும் ஆகும். கிழமை நாளில் மூன்று, ஞாயிற்றுக்கிழமை ஐந்து என்று தனியாக வாசிப்பவர்கள் ஒரே வருடத்தில் முடிப்பார்கள்: வாரம் 23, வருடம் 1,196, ஏழு அதிகாரம் மிச்சம்.

இது எங்கே நின்றுபோகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? ஆதியாகமத்தில் தொடங்கிய குடும்பங்கள் லேவியராகமத்தில் நிற்கும். அங்கே தப்பினவை 1 நாளாகமத்தின் பெயர்ப் பட்டியலில் நிற்கும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் மாற்கு சுவிசேஷத்தில் தொடங்கலாம், பதினாறே அதிகாரம், பதினாறு நாளில் ஒரு புத்தகம் முடிந்த தெம்பு வரும். 119ஆம் சங்கீதத்தை ஒரே இரவில் வாசிக்க வேண்டாம், 176 வசனம். எட்டெட்டு வசனமாக 22 பகுதி அதிலேயே பிரிந்து கிடக்கிறது, 22 நாள் வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு இரண்டு வசனம் என்று சுற்றி வாசியுங்கள். அடுத்தது தன் முறை என்று தெரிந்த பிள்ளை தூங்காது. சின்னவர்கள் முதலில் ஜெபிக்க வேண்டும், அப்பா கடைசியில். அப்பா முதலில் தொடங்கி உலகத் தலைவர்கள் எல்லோருக்காகவும் வேண்டி முடிப்பதற்குள் சோறு ஆறிப்போகும், பிள்ளைகள் பாயில் சாய்ந்திருப்பார்கள்.

குருத்தோலை ஞாயிறன்று கையில் பிடிக்கும் தென்னங்குருத்தோலை பற்றி ஒரு வார்த்தை, வெளிநாட்டில் கேட்கிறவர்கள் அதிகம். தென்னைக்கு வளரும் நுனி ஒன்றே ஒன்று. அதைக் காயப்படுத்தினால் மரம் போயிற்று; வெட்டுக்காய வாசத்துக்குச் சிவப்புக் கூன்வண்டும் வரும். ஆகவே பாதி விரிந்து நிற்கும் இளம் ஓலையின் மேற்பாதியை மட்டும் அரிவார்கள். சனி சாயங்காலம் அரிந்து ஈரத்துணியில் சுற்றி வைத்தால் ஞாயிறு காலை வளையும். கடையில் வாங்கிய ஓலை காய்ந்திருந்தால் சிலுவை மடிக்குமுன் இளஞ்சூட்டுத் தண்ணீரில் கால் மணி ஊறவிடுங்கள். கத்தோலிக்க வீடுகளில் அதைப் படத்துக்குப் பின்னால் செருகி வைத்து, மறுவருடம் விபூதிப் புதனுக்குக் கோவிலில் கொடுத்துவிடுவார்கள், எரித்துச் சாம்பலாக்க.

இனி குவைத்திலும் லண்டனிலும் டொரன்டோவிலும் இருக்கிற நீங்கள் பிடியரிசி வைப்பது எப்படி? 'அதற்குப் பதில் மாதம் ஒரு தொகை அனுப்பிவிடுகிறோம்' என்பார்கள். அனுப்புங்கள், வேண்டாமென்று யார் சொன்னது? ஆனால் அது மூட்டையிலிருந்து எடுப்பது. தினமும் கை அரிசிக்குள் போவது வேறு. இறுக்கமான மூடியுள்ள ஒரு டப்பா போதும். நீங்கள் வாங்கும் பாஸ்மதியோ சோனா மசூரியோ, எதைச் சமைக்கிறீர்களோ அதுவே. வண்டு பயமிருந்தால் மூட்டை வாங்கியதும் பகுதி பகுதியாக நான்கு நாள் ஃப்ரீசரில் வையுங்கள், முட்டையும் செத்துவிடும். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் அறைச் சூட்டுக்கு வரவிடுங்கள், இல்லையென்றால் அரிசி வேர்க்கும். மாதக் கடைசியில் நிறுத்துப் பாருங்கள். லேபர் கேம்ப்பில் கூட்டுச் சமையல் செய்யும் நம் கடற்கரை ஊர்த் தம்பிகளிடம் அரிசியாகவே கொடுக்கலாம். அல்லது நிறுத்த எடைக்கு அந்த அரிசியின் விலையை ஊர்ச் சபைக்கு அனுப்பிவிட்டு அரிசியை மறுபடி புழங்கலாம், எலியாவும் கோபிக்க மாட்டார். அமீரகத்தில் இருப்பவர்கள் மட்டும் கவனிக்க: அங்கே அனுமதியில்லாமல் நிதி திரட்டுவது குற்றம். உங்கள் டப்பா உங்கள் வீட்டோடு இருக்கட்டும், வாட்ஸ்அப்பில் வசூல் அறிவிப்புப் போட வேண்டாம்.

எலக்ட்ரிக் குக்கர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சிக்கல் வரும். குக்கரோடு வரும் கப் 180 மில்லி, அதில் ஏறக்குறைய 150 கிராம் அரிசி பிடிக்கும். இரண்டு கப் அளந்து ஒரு பிடி எடுத்த பிறகு, பாத்திரத்தில் 2 என்ற கோடு வரை தண்ணீர் ஊற்றினால் சோறு குழைந்துவிடும். அந்தப் பிடிக்குரிய தண்ணீரையும், ஒரு 50 மில்லி, குறைத்துக் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே நிறுத்துங்கள்.