அக்காவுக்குக் காசு கிடைக்கப் பதினொரு மாதம்: ஒரு சேமலாப நிதி ட்ரஸ்டியின் அனுபவம்

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் அக்கா போன் எடுத்தார். "தம்பி, காசு வந்திட்டுது" என்றார். அதற்கு மேல் அவராலும் பேச முடியவில்லை, என்னாலும் முடியவில்லை. அவருடைய கணவர், நான் அண்ணர் என்று கூப்பிடுகிறவர், திருகோணமலையில் எங்கள் களஞ்சியத்தில் 24 வருடம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர். 2023 பெப்ரவரியில் மாரடைப்பில் இறந்தார். அவருடைய சம்பளத்தில் மாதாமாதம் வெட்டிச் சேர்த்த காசு வீட்டுக்கு வந்துசேரப் பதினொரு மாதம் ஆனது. அந்தக் காசுக்குப் பொறுப்பான ஐந்து ட்ரஸ்டிகளில் (நம்பிக்கைப் பொறுப்பாளர்களில்) நானும் ஒருவன். உங்களையும் யாராவது ட்ரஸ்டியாகப் போடுகிறோம் என்று கேட்டால், சம்மதிக்குமுன் இதை ஒருக்கால் வாசியுங்கள்.

எங்களுடையது பழைய கம்பனி. பெயர் வேண்டாம். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் வருமுன்பே தனக்கென்று ஒரு நிதி வைத்திருந்ததால், தொழில் ஆணையாளரின் அங்கீகாரத்தோடு அதையே தொடர்ந்து நடத்துகிறது. வீதம் எல்லாருக்கும் தெரிந்ததுதான்: சம்பளத்தில் ஊழியர் 8 வீதம், கம்பனி 12 வீதம். வித்தியாசம் என்னவென்றால், அரசாங்கத்தின் ஊழியர் சேமலாப நிதியின் காசை மத்திய வங்கி பார்க்கிறது. எங்கள் காசை ட்ரஸ்டிகள் பார்க்க வேண்டும். மூன்று பேர் கொழும்புத் தலைமைக் காரியாலயத்தில், கம்பனி நியமித்தவர்கள். மற்ற இரண்டு பேர் ஊழியர் தரப்பு. அதில் ஒருவர் கிண்ணியாவைச் சேர்ந்த முஸ்லிம் ஊழியர், அவரை "நானா" (அண்ணன்) என்றுதான் கூப்பிடுவோம். மற்றது நான்.

2022இல் என்னைப் போட்டார்கள். கொழும்பிலிருந்து கூரியரில் பேப்பர் வரும், பென்சிலால் புள்ளடி போட்ட இடத்தில் கையெழுத்து வைத்து அனுப்பிவிடுவேன். ஒரு வருடம் முழுக்க இப்படித்தான் செய்தேன். நிதியின் விதிகள் எழுதிய சட்டப் பத்திரத்தை, அதாவது உறுதியை, நான் கண்ணால் கண்டதில்லை. கேட்கவும் இல்லை. அந்தப் பிழை என்னுடையது.

அண்ணர் இறந்து மூன்றாம் கிழமை அக்கா காரியாலயத்துக்கு வந்தார். கையில் ஒரு புடவைக்கடைப் பை. அதற்குள் இறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், அடையாள அட்டைப் பிரதி, இரண்டு பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், எல்லாம் ஒரு பள்ளிக் கொப்பிக்குள் அடுக்கி வைத்திருந்தார். கம்பனி ஏற்கெனவே பணிக்கொடையைக் கொடுத்திருந்தது. 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி வருடத்துக்கு அரை மாதச் சம்பளம், 30 நாளுக்குள். அதைச் சரியாகத்தான் கொடுத்தார்கள். ஆனால் காசோலையைக் கொடுத்தவர் "இவ்வளவுதான்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அக்காவும் நம்பிவிட்டார். அன்றைக்கு வந்ததே கணவரின் சாப்பாட்டுப் பெட்டியும் செருப்பும் களஞ்சியத்தில் இருக்கிறதா என்று கேட்கத்தான்.

வாசலில் வேப்ப மரத்தடியில் அவரை இருத்தி விஷயத்தைச் சொன்னேன். பணிக்கொடை வேறு, சேமலாப நிதி வேறு, கம்பனி 3 வீதம் கட்டுகிற ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியம் வேறு. நான் சொல்லச் சொல்ல அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். டவுனில் திரிகிற மான் ஒன்று வந்து பையை முகர்ந்தது. அவர் அதைத் தள்ளிவிடக்கூட இல்லை. "அப்ப அவர்ட காசு இன்னும் இருக்குதா தம்பி?" என்றார்.

இருந்தது. ஆனால் யாருக்குக் கொடுப்பது என்பதில் இடித்தது.

இரும்பு அலுமாரியைத் திறந்து அண்ணரின் பைலை எடுத்தோம். துருப்பிடித்த குண்டூசி குத்திய கடதாசி ஒன்று, 1999இல் வேலைக்குச் சேர்ந்த அன்று நீல மையில் நிரப்பியது. பின்னுரித்தாளி (தான் இறந்தால் காசு யாருக்கு என்று எழுதுகிற ஆள்) என்ற இடத்தில் அவருடைய தாயின் பெயர். அவர் 2003இல் கலியாணம் முடித்தவர். தாய் 2011இல் காலமாகிவிட்டார். இடையில் யாரும் அந்தக் கடதாசியை மாற்றச் சொல்லவில்லை, அவருக்கும் ஞாபகம் வரவில்லை. தலைமைக் காரியாலயத்தில் நிதிக் கணக்கைப் பார்க்கிறவர் போனில் ஒரே வசனம்தான் சொன்னார்: "பேப்பரில் உள்ள பெயருக்குத்தான் கொடுக்கலாம். அந்த ஆள் இல்லையென்றால் கோர்ட்டுக்குப் போகச் சொல்லுங்கோ." தம்பலகாமத்தில் வயலை நம்பி இரண்டு பிள்ளைகளோடு இருக்கிற மனிசியைப் பார்த்து, வழக்கறிஞர் பிடி என்று எப்படிச் சொல்வது?

அன்றிரவு நானா போன் எடுத்தார். "தம்பி, உறுதியில என்ன எழுதியிருக்கெண்டு ஆராவது பார்த்தீங்களா?" ஒருவரும் பார்க்கவில்லை. பிரதி கேட்டு மின்னஞ்சல் போட்டேன், பதில் இல்லை. இரண்டாம் முறை போட்டதற்கு, "நேரில் வந்தால் பார்க்கலாம்" என்று வந்தது. ஒருநாள் லீவு போட்டு இரவு ரயில் ஏறினேன். விடியமுன்பே கொழும்புக் கோட்டையில் இறங்கி, ஸ்டேஷனிலேயே முகம் கழுவி, எட்டரைக்குக் காரியாலய வாசலில் நின்றேன். பதினொரு மணிக்கு ஒரு பிள்ளை வந்து, பைல் கணக்காய்வுக்குப் போய்விட்டது, அடுத்த மாதம் வாருங்கள் என்றது. கணக்காய்வாளர் எங்கே என்று கேட்டேன். அது தெரியாதாம். அப்படியே இரவு ரயிலில் திரும்பினேன்.

இந்த இடத்தில் நான் விட்ட பிழையை நீங்கள் விடாதீர்கள். ஒரு ட்ரஸ்டிக்கு உறுதியைப் பார்க்க யாருடைய தயவும் வேண்டாம். 1917ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. தன் சொத்தைப் பார்க்கிற சாதாரண புத்தியுள்ள மனிதர் எவ்வளவு கவனமாக இருப்பாரோ அவ்வளவு கவனம் ட்ரஸ்டிக்கு வேண்டும், கணக்கைத் தெளிவாக வைத்திருக்க வேண்டும், பயனாளி கேட்டால் விவரம் கொடுக்க வேண்டும், அந்தச் சொத்தால் தான் ஆதாயம் எடுக்கக் கூடாது. ஒரு ட்ரஸ்டி பிழை செய்வது தெரிந்தும் மற்ற ட்ரஸ்டி பேசாமல் இருந்தால் அவரும் பொறுப்புச் சொல்ல வேண்டிவரும். இதை எனக்கு விளக்கியவர் உவர்மலையில் இருக்கிற ஓய்வுபெற்ற நொத்தாரிசு ஒருவர். தேத்தண்ணி தந்து இரண்டு மணித்தியாலம் பேசினார், ஒரு சதமும் வாங்கவில்லை. கடைசியில் அவர் சொன்னது: "தம்பி, உங்களை நியமிச்சது கம்பனி. ஆனா நீங்கள் பதில் சொல்ல வேண்டியது அந்த அம்மாவுக்கு."

அடுத்த நாளே நானாவும் நானும் கையெழுத்து வைத்துப் பதிவுத் தபாலில் கடிதம் போட்டோம். உறுதியின் பிரதி, கடைசி மூன்று வருடக் கணக்கு, கூட்டக் குறிப்புகள், எல்லாம் 14 நாளுக்குள் வேண்டும் என்று. பன்னிரண்டாம் நாள் பார்சல் வந்தது. ரயில் ஏறிப் போய்க் கிடைக்காதது ஒரு கடிதத்துக்குக் கிடைத்தது.

உறுதி முழுக்கப் பழைய சட்ட ஆங்கிலம். அகராதியை வைத்துக்கொண்டு மூன்று இரவு இருந்தேன். மூன்றாம் இரவு, பதினொரு மணி தாண்டி, அந்த விதி கண்ணில் பட்டது: கலியாணத்துக்கு முன் செய்த பின்னுரித்தாளி நியமனம், கலியாணத்தோடு செல்லாது. செல்லுபடியான நியமனம் இல்லாவிட்டால் ட்ரஸ்டிகள் சான்றுகளைப் பார்த்துத் துணைவருக்கும் பிள்ளைகளுக்கும் கொடுக்கலாம். கோர்ட் என்ற சொல்லே அந்த இடத்தில் இல்லை. மனைவியை எழுப்பி வாசித்துக் காட்டினேன். இது எங்கள் நிதியின் விதி. உங்கள் நிதியில் வேறு மாதிரி இருக்கலாம், உங்கள் உறுதியை எடுத்துப் பாருங்கள்.

அதோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். அக்காவின் விவாகச் சான்றிதழில் உள்ள பெயரில் கடைசியில் ஓர் "அம்மா" கூடுதலாக இருந்தது, அடையாள அட்டையில் அது இல்லை. கிராம உத்தியோகத்தரின் கடிதம், பிரதேச செயலாளரின் மேலொப்பம், சமாதான நீதவான் முன் ஒரு சத்தியக் கடதாசி. இதெல்லாம் ஒரு கிழமைக்குள் சரியாக முடிந்தது. கொழும்புக்கு அனுப்பினால், ஒரு மாதம் கழித்து முழுக்கட்டும் திரும்பி வந்தது. மேலே ஒரு மஞ்சள் துண்டு: தமிழில் உள்ளது, மொழிபெயர்த்து அனுப்பவும். அதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஒரு மாதம் போய்விட்டது. சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளருக்கு அக்கா தன் கையிலிருந்து காசு கொடுக்கப் பார்த்தார். நானா விடவில்லை. அது நிதியின் நிர்வாகச் செலவு என்று எழுதி, கூட்டத்தில் வைத்து ஒப்புதல் எடுத்தோம்.

ஆம், கூட்டம். நாங்கள் கேட்டு நடந்த முதல் கூட்டம் அதுதான், 2023 ஓகஸ்டில். அதற்கு முந்திய மூன்று வருடக் குறிப்புகளில் எல்லாக் கூட்டமும் ஒரே வசனத்தில் தொடங்கி ஒரே வசனத்தில் முடிந்தன. அப்படிக் கூட்டம் நடந்ததாக எனக்கு ஞாபகமே இல்லை. அந்த நேரம் அரசாங்கம் நாட்டுக்குள் வாங்கிய கடனின் நிபந்தனைகளை மாற்றுகிற உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு வேறு நடந்துகொண்டிருந்தது. நிதியிடம் கொஞ்சம் திறைசேரி முறிகள், அதாவது அரசாங்கத்தின் கடன் பத்திரங்கள், இருந்தன. மறுசீரமைப்பில் சேர்ந்தால் அவற்றைக் கொடுத்துவிட்டு, 2025 வரை 12 வீதமும் பிறகு 9 வீதமும் வட்டி தருகிற நீண்டகால முறிகளை வாங்க வேண்டும். சேராவிட்டால் முறி வருமானத்துக்கு வரி 14 வீதத்திலிருந்து 30 வீதமாகும். ஊழியர் சேமலாப நிதியே கடைசியில் அதில் சேர்ந்தது. எங்கள் நிதியில் இதை ஒரு மின்னஞ்சலில் முடித்துவிடப் பார்த்தார்கள். இரண்டு வழியிலும் உறுப்பினருக்கு எவ்வளவு நட்டம் என்று கணக்குப் போட்டுக் காட்டுங்கள் என்று நானா கேட்டார். காட்டினார்கள், சேர்வதென்று முடிவெடுத்தோம், காரணத்தோடு குறிப்பில் எழுதுவித்தோம். முடிவு சரியோ பிழையோ, நாளைக்கு ஓர் ஊழியர் வந்து ஏன் என்று கேட்டால் காட்ட ஒரு கடதாசி இருக்கிறது.

அதே கூட்டத்தில் இன்னொன்று. தலைமைக் காரியாலயத்துக்கு ஆறு மாதத்துக்குக் கைமாற்றாக நிதியிலிருந்து காசு எடுக்கலாமா என்று கூட்டத்தின் தலைவர் கேட்டார், வங்கியை விட வட்டி கூடத் தருவார்களாம். நான் முடியாது என்றேன். கை நடுங்கியது, சொல்லிவிட்டேன். காசைக் கொடுப்பதா என்று தீர்மானிக்கிற மூன்று பேர், காசை வாங்குகிற கம்பனியிடமே சம்பளம் எடுக்கிறவர்கள். என்ன வட்டி தந்தாலும் அது உறுப்பினர்களின் காசு. நானாவும் என் பக்கம் நின்றார். என் மறுப்பைப் பெயரோடு குறிப்பில் போடச் சொன்னேன். பிறகு அந்தப் பேச்சு வரவில்லை.

கணக்கு வந்ததும் அண்ணரின் பக்கத்தை வரி வரியாகப் பார்த்தேன். 2022இல் மூன்று மாதம் சம்பளத்தில் வெட்டியிருக்கிறார்கள், நிதியில் விழவில்லை. அவருக்கு மட்டுமல்ல, திருகோணமலையில் எல்லாருக்கும். ஊழியர் சேமலாப நிதி என்றால் அடுத்த மாதக் கடைசி வேலை நாளுக்குள் கட்ட வேண்டும், பிந்தினால் பிந்திய காலத்துக்கு ஏற்ப 5 முதல் 50 வீதம் வரை மேலதிகக் கட்டணம். எங்கள் உறுதியிலும் அதே தவணைதான். இங்கே தொழில் அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்த மிஸ் பொறுமையாகக் கேட்டார். முதலில் ட்ரஸ்டிகளாக எழுத்தில் கம்பனியிடம் கேளுங்கள், பிரதியை எங்களுக்கும் போடுங்கள் என்றார். சம்பளப் பட்டியலையும் நிதிக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு தாளில் எழுதித் தரவும் சொன்னார். கடிதத்தின் அடியில் "பிரதி: தொழில் அலுவலகம்" என்று ஒரு வரி. ஐந்து கிழமையில் மூன்று மாதக் காசும் நிதியில் விழுந்தது.

கடைசியாக வட்டி. அண்ணர் இறந்த திகதியோடு வட்டியை நிறுத்திக் கணக்குப் போட்டு அனுப்பியிருந்தார்கள். உறுதியில் இருந்தது, கொடுக்கிற நாள் வரைக்கும் என்று. விதியின் இலக்கத்தை எழுதித் திருப்பி அனுப்பினேன், அதே கிழமை திருத்தி வந்தது. அந்த வித்தியாசம் மூத்த பிள்ளையின் உயர்தர ரியூஷனுக்கு ஒரு வருடம் காணும் என்று அக்கா சொன்னார்.

இப்போது நானாவும் நானும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் களஞ்சியத்தில் ஒரு மேசை போட்டு உட்காருகிறோம். ஒவ்வொருவரின் பழைய கடதாசியையும் காட்டி, புதிது நிரப்பி, இரண்டு சாட்சியோடு கையெழுத்து வாங்கி, பிரதியை அவர் கையிலேயே கொடுக்கிறோம். நேற்று வரைக்கும் 41 பேர் முடிந்தது. அதில் 17 பேர் கலியாணத்துக்கு முன் எழுதிய தாயின் பெயரை அப்படியே விட்டிருந்தார்கள். நானா தன்னுடையதைக் கடைசியாக எடுத்துப் பார்த்தார். அவருடைய வாப்பாவின் பெயர் இருந்தது, அவர் மௌத்தாகி ஒன்பது வருடம். கொஞ்ச நேரம் அந்தக் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் பேனையை வாங்கினார்.