கெமிக்கல் அடிக்கிறதுக்கு முன்னாடி துளையைப் பாருங்க

பழைய வீட்டு மேல் மாடி ஏத்தும் வேலைதான் எனக்கு அதிகம் வரும். பழைய தூண்லயும் பீம்லயும் துளை போட்டு, கெமிக்கல் (கம்பியைக் கான்கிரீட்டோட ஒட்ட வைக்கிற பிசின்) அடிச்சு, புதுக் கம்பி நடுற கட்டம் அதுல கட்டாயம் உண்டு. வீட்டுக்காரங்க கேக்குறது, "சார், எந்த கம்பெனி கெமிக்கல்?" துளையை எப்படிச் சுத்தம் பண்ணுவீங்கன்னு யாரும் கேக்குறதில்லை. கேக்க வேண்டியது அதைத்தான்.

டிரில் போட்டதும் துளைக்குள்ள மாவு மாதிரி தூசி ஒட்டியிருக்கும். அது மேல கெமிக்கல் அடிச்சா தூசியைத்தான் பிடிக்கும், கான்கிரீட்டைப் பிடிக்காது. ஒரு சைட்டுல வேறொருத்தர் நட்ட கம்பியை இழுத்துச் சோதிச்சாங்க. கம்பியோட கெமிக்கலும் முழுசா உருவிக்கிட்டு வந்துச்சு. கம்பியில நல்லாவே ஒட்டியிருந்தது. வெளிப்பக்கம் பூராவும் சாம்பல் நிறத் தூசி. விரலால தடவினதும் கையில வந்துடுச்சு.

12 மி.மீ. கம்பிக்கு நாங்க வழக்கமா 16 மி.மீ. துளை போடுவோம். ஊது, தேய், மறுபடி ஊது. எத்தனை தடவைன்னு கெமிக்கலோட வர்ற தாளே சொல்லும். காத்துக் குழாய் துளையோட அடிவரைக்கும் போகணும். வாயில வச்சு ஊதினா அடித்தூசி அங்கேயே கிடக்கும். கம்ப்ரஸர் காத்துல எண்ணெய் வருதான்னு குழாய் முன்னாடி வெள்ளைத் துணி பிடிச்சுப் பாருங்க. கம்பி பிரஷ் துளைக்குள்ள இறுக்கமா உரசிக்கிட்டு நுழையணும். தளர்வா போச்சுன்னா பிரஷ் தேஞ்சிடுச்சு, மாத்திடுங்க. கோர் கட்டிங் துளைன்னா (வைரப் பல் வச்ச குழாயால தண்ணி விட்டு அறுக்கிறது) தனிக் கவனம் வேணும். சுவர் வழவழன்னு இருக்கும், சிமெண்ட் சேறும் படிஞ்சிருக்கும். வழக்கமான ஊதல் மட்டும் போதாது.

கம்பியையும் பாக்கணும். லேசான பழுப்புத் துருவால கெடுதல் இல்லை. தட்டினா செதிலா உதிர்ற துரு, காஞ்ச சிமெண்ட் பால், ஷட்டரிங் எண்ணெய், இது எதுவும் இருக்கக் கூடாது. திருவான்மியூர், நீலாங்கரை மாதிரி கடலோரத்துல வெளியில கிடந்த கம்பின்னா நடுற பகுதியைத் தேய்க்காம விடவே மாட்டேன்.

ஜப்பான்ல சசாகோ சுரங்கப்பாதையில 2012 டிசம்பர் 2-ல கூரைப் பலகைகள் விழுந்து 9 பேர் செத்தாங்க. மேல பிசின் வச்சுப் பொருத்தின போல்ட்டுகள் உருவிக்கிட்டு வந்ததுதான். அதுக்குக் காரணம் பல. ஆனா உள்ளே பிடிப்பு இல்லாத போல்ட்டும் வெளியில இருந்து பாக்க நல்ல போல்ட் மாதிரியே இருக்கும்.

நம்ம ஊர்ல இந்த வேலையைத் துளைக்கு இவ்வளவுன்னு கூலி பேசிக் கொடுக்கிறாங்க. அப்படிப் பேசினா நின்னு நிதானமா பிரஷ் போடுறவருக்கு அன்னைக்குக் கூலி குறையும். தப்பு அவர் மேல இல்லை, பேசின முறையில. நான் நாள் கூலிதான் கொடுக்கிறேன். கெமிக்கல் டியூப் என் பையிலயே இருக்கும். ஒவ்வொரு துளையையும் டார்ச் அடிச்சுப் பாத்த பிறகுதான் கெமிக்கல் அடிக்கிற கன்னுல (gun) மாட்ட டியூபைக் கொடுப்பேன்.