ரயிலடிச் சந்தை

பிலடெல்பியாவுக்கு வந்த முதல் இரண்டு மாதம், என் குரலே எனக்கு மறந்துவிடும் போலிருந்தது. 2017 ஜனவரி. கணவர் காலை ஏழரைக்குக் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் வருவார். எனக்கு ஹெச்-4 விசா, அதாவது கணவரின் வேலை விசாவைச் சார்ந்தது; வேலைக்குப் போக அனுமதி இல்லை. சாமான் வாங்க சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனாலும் ஒருவரிடமும் வாய் திறக்க வேண்டியதில்லை. எடுத்துக் கூடையில் போட்டு, இயந்திரத்தில் நாமே ஸ்கேன் செய்து, கார்டைத் தேய்த்துவிட்டு வந்துவிடலாம்.

நான் திருச்சி காந்தி மார்க்கெட் பக்கம் வளர்ந்தவள். அங்கே ஒரு கட்டுக் கீரை வாங்குவதற்குள் "என்ன கண்ணு, அம்மா வரலையா, முழங்கால் வலி தேவலையா" என்று வீட்டு விஷயம் பாதி பேசி முடிந்திருக்கும். அந்தப் பேச்சு எனக்கு எவ்வளவு தேவையாக இருந்தது என்பது அது இல்லாத ஊருக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, "ஊருக்குள்ள ஒரு பழைய மார்க்கெட் இருக்காம், வா, பார்த்துட்டு வரலாம்" என்று கணவர் கூட்டிக்கொண்டு போனார். ஜெபர்சன் ஸ்டேஷனில் இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் 12ஆம் தெருவும் ஆர்ச் தெருவும் சந்திக்கும் இடத்தில் ரெடிங் டெர்மினல் மார்க்கெட். கதவைத் திறந்ததும் வறுத்த இறைச்சி, காபி, மீன், சூடான வெண்ணெய் என எல்லா வாசனையும் ஒன்றாக வந்து முகத்தில் மோதியது. உள்ளே சுமார் 80 கடைகள். தலைக்கு மேலே நியான் எழுத்துகள், இடுப்புயரக் கவுன்டர்கள், தோளோடு தோள் உரசும் கூட்டம். கடைக்காரர்கள் வாடிக்கையாளரோடு சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் அப்படியே நின்றுவிட்டேன்.

இது 1893இல் திறந்த சந்தை. ரெடிங் ரயில் கம்பெனி இங்கே பெரிய நிலையம் கட்ட வந்தபோது, ஏற்கெனவே கடை போட்டிருந்தவர்கள் இடத்தைவிட்டுப் போக மறுத்தார்கள். கடைசியில், தண்டவாளங்களை மேல்தளத்தில் வைத்து, அதன் அடியில் சந்தையைக் கட்டிக் கொடுத்தார்கள். மேலே ரயில், கீழே வியாபாரம். நம் ஊரில் ஸ்டேஷனை ரயிலடி என்போம். இது சொல்லுக்குச் சொல் ரயிலடி! 1984இல் மேலே ரயில்கள் நின்றுபோயின. அந்தக் கூடம் இப்போது மாநாட்டு மையத்தோடு சேர்ந்துவிட்டது. கீழே சந்தை மட்டும் விடாமல் நடக்கிறது. திறந்த ஆண்டு முதல் இங்கேயே இருக்கும் பாசெட்ஸ் ஐஸ்கிரீம் கடையில் அன்றைய சலவைக்கல் கவுன்டரையே இன்னும் வைத்திருக்கிறார்கள். நாங்கள் அதில் கையூன்றி நின்று ஆளுக்கு ஒரு கப் சாப்பிட்டோம்.

அன்று ஒரு பக்கத்துக் கடைகள் மட்டும் துணி போட்டு மூடியிருந்தன. பழைய முறையில் எளிமையாக வாழும் ஆமிஷ் என்ற கிறிஸ்தவ மக்களின் கடைகள், ஞாயிறு அவர்களுக்கு ஓய்வு நாள் என்றார்கள். அவர்களைப் பார்க்கவே அடுத்த வியாழக்கிழமை தனியாகக் கிளம்பினேன்.

சுமார் 100 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் லான்காஸ்டர் பக்கத்திலிருந்து வருகிறவர்கள். கார் ஓட்டமாட்டார்கள், பிறர் ஓட்டும் வேனில் வருகிறார்கள். பெண்கள் தலையில் வெள்ளைத் தொப்பி, ஆண்களுக்கு மீசையில்லாத தாடி. ஊறுகாய்க் கடையில் ஒரு பாட்டிலில் 'சௌசௌ' என்று எழுதியிருந்தது. உள்ளே பார்த்தால் பீன்ஸ், காலிபிளவர், கேரட். நமக்கு சௌசௌ என்றால் கூட்டுக்குப் போடுகிற காய் அல்லவா? கேட்காமல் இருக்க முடியவில்லை. "எங்கள் ஊரில் இந்தப் பெயரில் ஒரு காயே இருக்கிறது" என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவளுக்கு ஆச்சரியம். எப்படி இருக்கும், எப்படிச் சமைப்பீர்கள் என்று கேட்டுவிட்டு, ஒரு கரண்டி எடுத்துச் சாப்பிடக் கொடுத்தாள். காரமே இல்லாமல் இனிப்பும் புளிப்புமாக இருந்தது. அதை ஊறுகாய் என்று ஒத்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை, ஆனால் அந்த ஐந்து நிமிடப் பேச்சுக்காகவே ஒரு பாட்டில் வாங்கினேன். கூடவே ஆப்பிள் பட்டர். பெயரில்தான் பட்டர், வெண்ணெய் துளியும் கிடையாது. ஆப்பிளைப் பட்டையோடு மணிக்கணக்கில் சுண்டக் காய்ச்சிய கருஞ்சிவப்பு விழுது. சப்பாத்திக்கு அவ்வளவு பொருத்தம்.

திரும்பும்போது அந்தப் பெண் பக்கத்தில் நின்றவளிடம் வேறு மொழியில் ஏதோ சொல்லிச் சிரித்தாள். பென்சில்வேனியா டச்சு என்பார்கள், உண்மையில் ஜெர்மன் வழி மொழி. 18ஆம் நூற்றாண்டில் முன்னோர்கள் கொண்டுவந்த பேச்சு, இன்றும் வீட்டில் அதுதானாம். கேட்டதும் தொண்டை அடைத்துக்கொண்டது. வீட்டுக்கு வந்து அம்மாவுக்கு போன் போட்டு, ரொம்ப நேரம் பேசினேன்.

அப்புறம் வாரா வாரம் வியாழக்கிழமை சந்தை என்றாகிவிட்டது. சாப்பாட்டுக் கடைகளில் தினமும் சாப்பிட்டால் கட்டுப்படியாகாது. பன்றிக்கறி சாண்ட்விச்சுக்கு நிற்கும் நீண்ட வரிசையில் கணவர் எப்போதாவது நிற்பார். எனக்குப் பிடித்தது காய்கறிக் கடைதான். அங்கே விசிறி அளவுக்கு இலையோடு ஒரு கீரை கட்டுக்கட்டாக அடுக்கியிருக்கும். காலர்டு. ஒருநாள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுபது வயதிருக்கும் ஒரு கறுப்பினப் பாட்டி, "ஹனி, இதைச் சமைக்கத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். தன் கூடையைக் கீழே வைத்துவிட்டுச் சொல்லிக் கொடுத்தார். நடுத்தண்டை உருவி எடுத்துவிட வேண்டும். இலையைச் சுருட்டி மெல்லிசாக நறுக்க வேண்டும். அவசரப்படக் கூடாது, மெதுவாக நெடுநேரம் வேக வேண்டும். அவர்கள் வீட்டில் இறைச்சி எலும்போடு போடுவார்களாம். நான் பருப்போடு போடலாமா என்று கேட்டேன். "உன் அடுப்பு, உன் கீரை" என்று என் கையைத் தட்டிக் கொடுத்தார். அந்த "ஹனி" என் காதில் "கண்ணு" என்றேதான் விழுந்தது.

அன்று ராத்திரி துவரம்பருப்பு, தேங்காய், சீரகம் சேர்த்துக் கூட்டு வைத்தேன். முருங்கைக்கீரைக்குப் பக்கத்தில் நிற்கும் ஒரு அழுத்தமான ருசி. கணவர் இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

போன மாதம் அதே காய்கறிக் கடையில் ஒரு இளைஞன் வெண்டைக்காயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். வாங்கினால் கொழகொழவென்று ஆகிவிடுகிறது என்று தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னான். நான் என் பையைக் கீழே வைத்தேன். முதலில் கழுவி, ஒவ்வொன்றாகத் துணியில் துடைத்து, ஈரம் சுத்தமாகப் போன பிறகுதான் நறுக்க வேண்டும், வாணலியை மூடவே கூடாது என்று சொல்ல ஆரம்பித்தேன்.