பெற்றவர்கள் சொல்லாமல் விட்டவை

பிரசவம் பெண்ணுக்கு மறுபிறவி என்று சொல்லாதவர்கள் எங்கள் குடும்பத்தில் இல்லை. ஆனால் வலி எப்படித் தொடங்கும், எவ்வளவு நேரம் இழுக்கும், கையில் எந்தக் காகிதம் இருக்க வேண்டும் என்று கேட்டால், "நேரம் வந்தா உனக்கே தெரியும்த்தா" என்று பெரியம்மாவும் மதினியும் பேச்சை மாற்றிவிடுவார்கள். வளைகாப்பு முடிந்து சோழவந்தானுக்குத் தாய்வீடு வந்த பிறகும் இதே கதைதான்.

விவரமாகச் சொன்னவர், மாதப் பரிசோதனைக்குப் போன இடத்தில் ஸ்கேன் வரிசையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த உசிலம்பட்டிக்கார அக்கா. இரண்டாவது பிரசவத்துக்கு வந்திருந்த அவர், முதல் பிரசவத்தில் பட்டதை ஒளிவுமறைவின்றிச் சொன்னார். பொய்வலி நடந்தாலோ படுத்தாலோ அடங்கிவிடும், மெய்வலி விட்டுவிட்டு வந்தாலும் இடைவெளி குறைந்துகொண்டே வரும் என்றவர், முதுகில் கைவைத்து அடிவயிறுவரை விரலால் கோடு இழுத்து அது இறங்கும் வழியையும் காட்டினார். அதை நான் எடுத்துச் சொல்லியும் அம்மாச்சி கேட்கவில்லை. பொய்வலிக்கே பதறி ஆட்டோ பிடித்து மதுரை வரை போய், "இன்னும் நாள் இருக்கு" என்று திருப்பி அனுப்பப்பட்டோம்.

உண்மையான வயிற்றெரிச்சல் பிரசவ அறை வாசலில் காத்திருந்தது. பணியில் இருந்த செவிலியர் அம்மாவை வெளியே நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்தப் பார்த்தார். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பிரசவத்தின்போது ஒரு பெண் துணையிருக்கும் திட்டம் 2004 முதலே இருக்கிறது; மத்திய அரசும் 2016இல் இதற்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. துணைக்கு வருபவர் ஏற்கெனவே பிள்ளை பெற்றவராக இருப்பது நல்லது, தொற்றுநோய் இருக்கக் கூடாது, சுத்தமான உடை உடுத்தியிருக்க வேண்டும், சிகிச்சையில் தலையிடக் கூடாது என்பவை நிபந்தனைகள். "அதெல்லாம் இங்க கிடையாதும்மா" என்ற பதில் வரும், அப்போது சண்டை போடாமல் பணி மருத்துவரிடம் நேராகக் கேட்கச் சொல் என்று அக்கா முன்பே எச்சரித்திருந்ததால், என் கணவர் அப்படியே செய்தார். மருத்துவர் ஒரே வார்த்தையில் அனுமதித்தார். பையில் எடுத்து வைத்திருந்த துவைத்த சேலையைக் கட்டிக்கொண்டு அம்மா உள்ளே வந்துவிட்டார். அடுத்த கட்டிலில் கிடந்த பெண்ணுக்கு இப்படிக் கேட்கலாம் என்பதே தெரியாது. அவருடைய மாமியார் கடைசிவரை வாசலிலேயே உட்கார்ந்திருந்தார் என்பதை நினைத்தால் இப்போதும் ஆறவில்லை.

சுகப்பிரசவம், பெண் குழந்தை. பிறந்த சற்று நேரத்தில் எனக்குப் பல் கிட்டிக்க உடம்பு தூக்கிப் போட்டதைப் பார்த்து, ஜன்னி கண்டுவிட்டதோ என்று அம்மாவே பயந்துபோனார். பிரசவம் ஆனதும் இப்படி நடுங்குவது பலருக்கும் வருவதுதான், போர்வை போர்த்தினால் அடங்கும், காய்ச்சலும் சேர்ந்தால் மட்டும் உடனே சொல்ல வேண்டும் என்று நான்தான் அவரைத் தேற்றினேன். பால் கொடுக்கும்போது கருப்பை சுருங்குவதால் வயிற்றைப் பிசையும் வலி வரும் என்பதையும் அக்கா சொல்லியிருந்தார். சேனை தொட்டு வைக்கச் சர்க்கரைத் தண்ணீரோடு வந்த அம்மாச்சியைச் சீம்பாலைக் காட்டி நிறுத்தியதுதான் பெரும்பாடு. பின்னர் நடுக்கத்தைப் பற்றிப் பேசியபோது மதினி மெதுவாக, "எனக்கும் அப்படித்தான் ஆச்சு, செத்துருவேன்னு நினைச்சேன், யார்ட்டயும் சொல்லல" என்றார். பக்கத்துத் தெருவில் யாருக்கு என்ன விபரீதம் நடந்தது என்பதை மட்டும் நிறைமாதக்காரியிடம் விலாவாரியாகச் சொல்லும் வீட்டில், இதைச் சொல்ல அவருக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

மிச்சமிருந்தது பிறப்புச் சான்றிதழ். மருத்துவமனைப் பதிவில் என் பிக்மி எண்ணில், அதாவது கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது அரசு தரும் எண்ணில், ஓர் இலக்கம் மாறிக் கிடந்தது. எழுத்தர், "நம்பர் ஒத்து வரல, திருத்திட்டு வாங்க" என்றாரே தவிர, எங்கே போய்த் திருத்துவது என்று சொல்லவில்லை. என் கணவர் வெயிலில் அங்குமிங்கும் அலைந்த பிறகு, எங்கள் கிராம சுகாதார செவிலியர்தான் சரியான எண்ணைச் சொல்லி முடித்துக் கொடுத்தார். ஆகவே வீட்டுக்கு அனுப்பும்போது தரும் சீட்டில் உள்ள எண்ணைக் கர்ப்பகால அட்டையோடு ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். பிறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்துவிட்டால் போதும், பெயரை ஓராண்டுக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம். யாராவது அவசரப்படுத்தினால், வாயில் வந்த பெயரை எழுதிக் கொடுத்துவிட வேண்டாம்.