சவரக்கத்திக்கு ஈட்டி மரப் பிடி: ஐப்பசி நாட்குறிப்பு

அக்டோபர் 19, ஞாயிறு

பழைய பிடி செல்லுலாய்டு, அந்தக் கால பிளாஸ்டிக். தேய்த்தால் கற்பூர வாசம். நாள்பட்டால் இது மக்கி நைட்ரஜன் ஆக்சைடு விடும். ஈரம் சேர்ந்தால் அமிலம். அதனால்தான் பிடிக்குள் மடங்கிக் கிடந்த பாகத்தில் மட்டும் துருப்புள்ளி, வால் பக்கம் சுத்தமாக இருக்கிறது. வேறு கத்திகளோடு ஒரே பெட்டியில் போட்டால் அவற்றையும் தின்றுவிடும். இன்றே கழற்றியாக வேண்டும். விடிந்தால் தீபாவளி, பொறி பட்டால் செல்லுலாய்டு குபீரென்று பற்றும்.

கத்தி வாய்க்கு முதலில் டேப். அச்சாணியை அப்படியே அடித்துத் தள்ளினால் துளை கிழியும். ஒரு பக்கத் தலையை ஊசி அரத்தால் வாசர் மட்டம் வரை ராவிவிட்டு, துளை போட்ட கட்டை மேல் வைத்து ஆணி தள்ளும் 1.5 மி.மீ. எஃகு முனையால் மெல்லத் தட்டினால் இறங்கிவிடும்.

அக்டோபர் 21, செவ்வாய்

மழை.

அக்டோபர் 22, புதன்

கருவேலம் வேண்டாம். துவர்ப்புச் சத்து அதிகம். ஈர இரும்பு பட்டால் மரமும் கறுக்கும், கத்தியும் கறைபடும். உசிலையின் வைரம் (நடுமரம்) நல்ல உறுதி, ஆனால் காய்ந்த துண்டு கையில் இல்லை. பச்சை மரத்தில் இந்த வேலையைத் தொடவே கூடாது. பழைய கட்டில் சட்டத்தின் ஈட்டித் துண்டுதான். புதிதாக ஈட்டி வெட்டுவதற்குத் தமிழ்நாட்டின் 1994 ஈட்டி மரச் சட்டம் பல ஆண்டு குறுக்கே நின்றது, நிற்கவும் வேண்டும். பழைய சாமானிலேயே இந்த வேலைக்குப் போதுமான மரம் கிடைக்கும்.

வெளிறு (வெளிப்புற இளமரம்) முழுக்கத் தள்ளி, 160 மி.மீ. நீளம், 28 அகலம், 8 கனம். ரேகை நீளவாக்கில் நேராக ஓடணும். அச்சாணித் துளை அருகே ரேகை சாய்ந்து வெளியேறினால், தட்டும்போது அங்கேதான் வெடிக்கும்.

கனத்தின் நடுவே கிழித்து இரண்டு பலகை ஆக்கியாயிற்று. ஈட்டித் தூள் தோலை அரிக்கும், மூச்சிலும் ஏறும்; முகமூடி இல்லாமல் உப்புத்தாளைத் தொடுவதில்லை.

அக்டோபர் 23, வியாழன்

கிழித்ததும் இரண்டும் லேசாக வளைந்துவிட்டன. உள்ளே அடங்கியிருந்த இறுக்கம் விடுபடுகிறது. அதனால்தான் முடிவு கனத்துக்கு மேல் அரை மி.மீ. கூட விட்டது. இடையே குச்சி வைத்து அடுக்கி மேலே பாரம். இரண்டும் சேர்ந்து 27.1 கிராம்.

அக்டோபர் 25, சனி

27.4. மரம் மழையைக் குடிக்கிறது.

அக்டோபர் 26, ஞாயிறு

27.4. கத்திக்குச் சொந்தக்காரப் பெரியவருக்குத் தாடை வீக்கம் வடியவில்லை. அவசரம் இல்லை என்கிறார்.

அக்டோபர் 29, புதன்

மதுரை தெற்காவணி மூல வீதியில் 1.6 மி.மீ. பித்தளைக் கம்பி, அதே அளவு டிரில் பிட்.

இரு பலகைகளுக்கு நடுவே அடிமுனையில் வைக்கும் ஆப்பைப் பற்றியே நினைப்பு. பிடி அழகு மரத்தில். கத்தி நேராக மடங்குவது ஆப்பில். கத்தியின் வால் கனம் 4.5 மி.மீ. ஆப்பு அடிமுனையில் 2.5, கத்தியைப் பார்த்த பக்கம் 1.3. இந்தச் சரிவு இருந்தால்தான் இரு பலகைகளும் வில்லாக இறுகிக் கத்தியைப் பிடிக்கும். கனம் கூடினால் இறுக்கம் போய்க் கத்தி தொளதொளக்கும். சரிவு பொருந்தாவிட்டால் ஆப்பின் உள்முனையில் இடைவெளி தெரியும், அதில் சோப்புத் தண்ணீர் தங்கும். இரு முகமும் சமமாகச் சரியாவிட்டால் கத்தி ஒரு பக்கம் சாய்ந்து வாய் மரத்தில் உரசும். மற்ற எதையும் பிறகு திருத்தலாம், மழுங்கிய வாயைச் சாணைக்கல்லில் முதலிலிருந்து எடுக்கணும்.

அக்டோபர் 31, வெள்ளி

27.1. வெயில்!

நவம்பர் 1, சனி

இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டி, இரண்டையும் ஒன்றாகவே வடிவுக்கு ராவியது. துளையும் ஒன்றாக, ஸ்டாண்டு டிரில்லில். கையால் போட்டால் கோணும். அச்சாணி கோணினால் ஆப்பு என்ன செய்தும் பயனில்லை. கத்தி மூக்குக்கும் ஆப்புக்கும் நடுவே 4 மி.மீ. விட்டிருக்கிறது. பிரித்து, கனம் 2.8, ஆசாரி கணக்கில் ஒரு நூலுக்குச் சற்றுக் குறைவு.

நவம்பர் 2, ஞாயிறு

சின்னத் திருகும் நட்டும் போட்டுத் தற்காலிகமாகப் பூட்டிப் பார்த்தது. வலது பக்கம் மயிரிழை சாய்வு. ஆப்பின் ஒரு முகத்தை 400 தாளில் நாலு இழுப்பு. மறுபடி பூட்டு. இன்னும் இரண்டு. நடுவுக்கு வந்துவிட்டது.

நவம்பர் 4, செவ்வாய்

ஈட்டியின் சொந்த எண்ணெய், ஆளி விதை எண்ணெயைக் காயவிடாது, பிசுபிசுவென்றே நிற்கும். அரக்கு பாலிஷ் வெந்நீரில் வெளுக்கும். ஆகவே தண்ணி மாதிரி இளகின சூப்பர் குளூ: முதலில் அசிட்டோனால் துடைத்து, மெல்லிய பூச்சு, 600 தாள், மறுபடி பூச்சு, கடைசியில் 2000. உள்முகமும் அவசியம். பூட்டின பிறகு அங்கே கை போகாது. ஒரு முகம் மட்டும் பூசினால் பலகை கோணும்.

காற்றில் ஈரம் மிகுந்தால் பசை வெள்ளைப் பூத்துவிடும். வானத்தையே பார்க்க வேண்டியிருக்கிறது.

நவம்பர் 5, புதன்

மூட்டம். தொடவில்லை.

நவம்பர் 7, வெள்ளி

காலையிலிருந்து நல்ல வெயில். பூச்சு முடிந்தது, வெள்ளை பூக்கவில்லை. ரேகை ஊதாக் கறுப்பில் ஒளிர்கிறது.

வீக்கம் வடிகிறதாம்.

நவம்பர் 8, சனி

ஆப்புப் பக்க ஆணி முதலில். வாசருக்கு மேல் 0.8 மி.மீ. நீட்டி நறுக்கி, முனையை அரத்தால் சமமாக்கி, உருண்டைத் தலைச் சுத்தியலால் தட்டல். அடி இல்லை, தட்டல். இந்தப் பக்கம் பத்து, திருப்பிப் பத்து. பலமாகப் போட்டால் தலை விரிவதற்குப் பதில் கம்பி துளைக்குள்ளேயே வளையும், மரம் பிளக்கும். தலை குடை மாதிரி விரிந்து வாசரில் உட்கார்ந்தது.

அச்சாணிக்குக் கம்பி நறுக்கியாயிற்று. அதில் சில தட்டுக்கு ஒருமுறை கத்தியைத் திறந்து மூடிப் பார்க்கணும். இறுக்குவது சுலபம், தளர்த்த முடியாது.

நவம்பர் 9, ஞாயிறு

பாதி இறுக்கம். கத்தி நடுவில்தான் இறங்குகிறது.